பரமார்த்த குரு முதல் அம்மையப்ப பிள்ளை வரை: 19ஆம் நூற்றாண்டுக் கல்வியுலகும் எள்ளல் ஓவியமும்

தமிழ்ப் பண்டிதர் என்ற சொல்லைக் கேட்ட அளவில் படித்தோர் பலர் மனத்தே எழும் உருவம் ஒன்று உண்டு. எதற்கெடுத்தாலும் ஒரு செய்யுள், சொல் விளையாட்டில் தீராத மயக்கம், உலகியலில் தடுமாற்றம். இவ்வுருவத்தைத் தமிழ்ப் புனைகதையில் நிலைபெறச் செய்தவர் பி. ஆர். ராஜம் ஐயர். அவர் ‘கமலாம்பாள் சரித்திர’த்தில் தீட்டிய ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளையே அது. அப்பாத்திரத்தைச் சான்றாக வைத்து, 19ஆம் நூற்றாண்டுத் தமிழ்ப் புலமை முழுவதும் அத்தகையதே என்று முடிவு கட்டுவாரும் உளர். எள்ளி நகைக்கத் தீட்டிய ஓவியத்தை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளுதல் தவறன்று. ஆயின், அஃது எதற்குச் சான்று என்பதை முதற்கண் ஆராய்தல் வேண்டும். தீட்டப்பட்டவர் இயல்புக்கா, தீட்டியவர் நின்ற இடத்திற்கா, இருவரையும் ஒருங்கே வைத்திருந்த கல்விமுறைக்கா? இவ்வினாவையே இக்கட்டுரையில் யாம் எடுத்துக்கொள்கின்றோம்.

கல்வியாளரைக் கோட்டோவியத்தால் எள்ளும் வழக்கம் அக்காலத்து இங்கிலாந்தில் ஓங்கியிருந்தது. 1868இல் தோன்றிய ‘வேனிட்டி ஃபேர்’ என்னும் வார இதழ் அரசியலாரோடு அறிஞரையும் வண்ணப்படத்தில் நகையாடியது. இருக்குவேதப் பதிப்பாசிரியராகிய மாக்ஸ் முல்லர் 1875இல் அவ்விதழில் இடம்பெற்றார். தமிழ் இதழுலகில் கேலிச்சித்திரம் வேரூன்றியது 1906இல் தொடங்கிய ‘இந்தியா’ வார இதழின் வழியேயாம். அதுவும் அரசியலையே பொருளாகக் கொண்டது. ஆதலின் 19ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வியுலகின் கேலிச்சித்திரத்தை உரைநடையிலேதான் தேடவேண்டும்.

உரைநடைக்கு முன்னரும் ஆசிரியரை நகையாடும் மரபு நம்மிடம் இல்லாமற் போகவில்லை. நகை தோன்றும் நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கினைத் தொல்காப்பியர் கூறினார். எள்ளல் என்பதற்குப் பேராசிரியர் எழுதிய விளக்கம் ஈண்டுக் கருதத்தக்கது: ஒருவன் பிறரை எள்ளி நகுதலும், பிறரால் தான் எள்ளப்பட்டவிடத்து நகுதலும் என அதனை அவர் இருபாற்படுத்தினார். நகைப்பவனும் நகைக்கப்படுபவனும் ஒருவனாகவே இருத்தல் கூடும் என்னும் குறிப்பு அதிலே உண்டு.

நன்னூற் பாயிரம் இன்னும் ஒருபடி மேற்சென்று, ஆசிரியராகாதாரை நான்கு பொருள்களாகவே தீட்டிக் காட்டுகின்றது. கழற்காய் பெய்த குடம் ஒன்று. இட்ட முறையில் காய் வெளிவராது, முன்னது பின்னாகவும் பின்னது முன்னாகவும் உருண்டு வரும். அடுத்தது மடல் சூழ்ந்த பனை. ஏறிப் பறிக்க இடங்கொடாது, தானாக விழும் பழத்தையே பொறுக்கலாம். பருத்தி அடைத்த குண்டிகை மூன்றாவது. சிறிது சிறிதாகத் திணித்ததைச் சிறிது சிறிதாகவே பிடுங்கவேண்டும். நான்காவது வளைந்த தென்னை. நீர் வார்த்தவன் ஒருவன், காய் வீழ்வது அயலான் கொல்லையில். மாணாக்கரையும் பவணந்தியார் விட்டாரல்லர். கடைமாணாக்கர்க்கு ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்பவற்றை உவமையாக்கினார். இன்றைய கல்லூரியில் இந்த எட்டனுள் எதற்கேனும் எடுத்துக்காட்டு இல்லாத துறை உண்டோ என்பதை எம்மையுள்ளிட்ட ஆசிரியர்களே சொல்லுதல் வேண்டும். நிற்க. இவ்வுவமைகள் யாவும் கல்வி என்னும் வீட்டிற்குள்ளிருந்து எழுந்தவை. நல்லாசிரியன் இலக்கணத்தை முன்வைத்து, அதனோடு மாறுபடுவானை நகுகின்ற நகை அது. கற்பிக்கும் தொழிலின் பெருமையில் நூலாசிரியர்க்கு ஐயம் இல்லை.

பிறமொழியாளர் தமிழகத்துப் புலவரிடம் பாடங்கேட்கத் தொடங்கியபொழுது நிலைமை வேறுபடலாயிற்று. சென்னைக்கு வடக்கே, இன்று மீனவர் ஊர்கள் சூழ்ந்த பழவேற்காட்டு ஏரிக்கரையில், டச்சுக்காரர் 1613இல் கெல்திரியா என்னும் கோட்டையை எழுப்பினர். அவ்வூரில் 1632 முதல் 1642 வரை சமயகுருவாயிருந்த ஆபிரகாம் ரொகேரியஸ், பத்மநாபர் என்னும் அந்தணரிடம் கேட்டறிந்த செய்திகளைத் தொகுத்தெழுதினார். அவர் மறைந்தபின் 1651இல் அந்நூல் லெய்டனில் அச்சேறிற்று. சமய வகையில் மாறுபட்டவரேனும், தமக்குப் பொருள் விளக்கியவரைப் பெயர் சுட்டியே ரொகேரியஸ் எழுதினார். அங்கே நிகழ்ந்தது இருவர் உரையாட்டு. சற்றேறக்குறைய 170 ஆண்டுகளுக்குப் பின் சென்னையில் நிகழ்ந்ததோ ஓர் அலுவலக ஏற்பாடு. 1812இல் நிறுவப்பெற்ற சென்னைக் கோட்டைக் கல்லூரியில், ஆளவந்த இளைஞர் நாட்டுமொழி கற்றுத் தேர்வெழுதுதல் வேண்டும். கற்பிக்கும் புலவர் சம்பளம் பெறும் முன்ஷி. எல்லிஸ் போன்றார் புலவரை மதித்துப் போற்றினர் என்பது உண்மையே. எனினும் மாணாக்கன் ஆள்வோன், ஆசிரியன் அவன்கீழ் ஊழியன் என்ற தலைகீழ் அமைப்பு அக்கல்லூரியோடு தமிழ்க் கல்வியுலகில் கால்கொண்டது.

‘பரமார்த்த குருவின் கதை’யை இப்பின்னணியில் வைத்துப் படித்தல் வேண்டும். வீரமாமுனிவர் (1680-1747) அதனை இயற்றியது, பேச்சு நடையினதாகிய கொடுந்தமிழை ஐரோப்பியத் துறவிகள் பயில்வதற்கு உதவியாகவேயாம். ஓராள் தன்னைத்தான் எண்ண மறந்து கூட்டத்தில் ஒருவர் குறைந்தார் என்று அழுவது போன்ற நிகழ்ச்சிகள் உலகின் பல நாட்டு வாய்மொழிக் கதைகளில் உள்ளன; இங்கிலாந்தில் கோத்தம் என்னும் ஊராரைப் பற்றியும் அவ்வாறே கூறுவர். முனிவர் செய்தது, அவற்றை ஒரு மடத்துக் குருவின்மேலும், மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்னும் ஐந்து சீடர்மேலும் ஏற்றியதாகும். தொல்காப்பியர் கூறிய பேதைமையும் மடனும் இங்கே ஆட்பெயர்களாகவே வந்து நிற்கின்றன. முனிவர் தாமும் சீடர் சூழக் குருவின் கோலத்தில் வாழ்ந்தார் என்று முத்துசாமிப் பிள்ளை எழுதிய வரலாறு கூறும். அதனை நோக்க, இந்நகை முற்றும் அயலான் நகையோ என்பது ஐயத்திற்குரியது.

கதையில் கல்வியைப் பற்றிய கூர்மையான விமரிசனம் ஓலைப் பகுதியில் உள்ளது. குதிரைமேற் சென்ற குருவின் தலைப்பாகை விழுந்தது. எடுக்கச் சொல்லவில்லையே என்று சீடர் எடுக்கவில்லை. விழுந்ததையெல்லாம் எடுக்கவேண்டும் என்று குரு சினந்து கூறவே, குதிரை இட்ட சாணத்தையும் ஏந்தினர். அதன்மேல் எடுக்கவேண்டியவை இவை என்று ஓலையில் பட்டியல் எழுதப்பட்டது. பின்னர்க் குருவே பள்ளத்தில் விழுந்தார். சீடர் ஓலையை ஒழுங்காகப் படித்தனர். ஆடை முதலியன பட்டியலில் இருந்தமையால் அவற்றைக் களைந்து எடுத்துக்கொண்டனர். குருவின் பெயர் அதில் இன்மையால் அவரைத் தூக்க மறுத்தனர். பள்ளத்திற் கிடந்தபடியே குரு அவ்வோலையை வாங்கித் தம்மையும் அதில் எழுதிச் சேர்த்த பின்னரே கரையேறினார். எழுத்தை ஓதிப் பொருளை இழக்கும் கல்விக்கு இதனினும் சிறந்த ஓவியம் தமிழில் இல்லை என்றே யாம் கருதுகின்றோம். சீடர் சோம்பேறிகளல்லர், பணியாதவருமல்லர் என்பதைக் குறிக்கொள்க. அவர்களுடைய குற்றம் பணிவின் மிகுதியே.

இக்கதை அச்சான ஆண்டு 1822, இடம் லண்டன். சென்னை ஆட்சிப் பணியிலிருந்து திரும்பிய பெஞ்சமின் பாபிங்டன், தமிழ் மூலம், ஆங்கில மொழிபெயர்ப்பு, அருஞ்சொல் அகராதி, முதற்கதையின் சொற்பகுப்பு ஆகியவற்றோடு வெளியிட்டார். (இவரே பின்னாளில் லண்டனில் மருத்துவராகிக் குரல்வளையை நோக்கும் கருவியொன்றை அமைத்தவர்.) பதிப்பின் அமைப்பே அது பாடநூல் என்பதைக் காட்டும். எனவே மடத்துக் குருவை நகைக்கும் கதையை வரிவரியாகப் பிரித்துப் பொருள் சொல்லவேண்டிய கடமை யார் தலையில் வந்திருக்கும்? மாணாக்கன் சிரித்த இடத்தில் இலக்கணக் குறிப்புச் சொல்லவேண்டியவர், குரு என்னும் பெயர்க்கு உரிய தமிழாசிரியரே. 18ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட கதை 19ஆம் நூற்றாண்டுக் கல்வியுலகின் கேலிச்சித்திரமாக மாறியது, அதில் ஒரு சொல்லும் மாறாமலே, படிக்கப்பட்ட இடம் மாறியதனால் என்க.

மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879இல் வெளிவந்தது. செல்வர் வீட்டிற்கு வந்து பாடஞ்சொல்லும் உபாத்தியாயர் நிலையை அந்நூலின் தொடக்கப் பகுதி நகையாடுகின்றது. செல்வச் சிறுவனை அடித்தல் ஆகாது. ஆனால் பிழைக்குத் தண்டனை இல்லாமலும் ஆகாது. எனவே பிரதாபன் செய்யும் பிழைக்கெல்லாம் உடன்பயிலும் கனகசபை அடிபடுகின்றான். அவன் உபாத்தியாயரின் மகனாக வளர்பவன். ஆசிரியன் கைப்பிரம்பு தன் வீட்டுப் பிள்ளைமேலேயே விழுகின்றது. சிரித்துக்கொண்டே படித்துச் செல்லும் வாசகர் இதனைக் குறும்பு என்று கடந்துவிடுவர். பிள்ளையவர்கள் நீதிமன்றத்தில் இருந்தவர். யார் பிழைக்கு யார் தண்டனை பெறுகின்றார் என்பதை நாள்தோறும் கண்டவர். கூலிக்குக் கற்பிக்கும் ஆசிரியன் எத்துணை அடங்கிப்போகவேண்டும் என்பதை இந்த ஒரு நிகழ்ச்சியில் அடக்கிவிட்டார்.

இனி அம்மையப்ப பிள்ளைக்கு வருவோம். ‘கமலாம்பாள் சரித்திரம்’ 1893 முதல் 1895 வரை ‘விவேக சிந்தாமணி’ இதழில் தொடர்கதையாக வந்து, 1896இல் நூலாயிற்று. எழுதத் தொடங்கியபோது ராஜம் ஐயர்க்கு வயது 21. சென்னைக் கிறித்தவக் கல்லூரியிற் பயின்று பட்டம் பெற்றவர். 1898இல் 26 வயதிலேயே மறைந்தவர். ஆங்கில இலக்கியத்தில் திளைத்த இளைஞர், தம்மனையோர்க்குத் தமிழ் கற்பித்த பண்டிதரைத் தீட்டுகின்றார் என்பதை மறத்தலாகாது. அம்மையப்ப பிள்ளை மதுரையில் தமிழாசிரியர். ஊர்ப்பெயரே நகைக்கு வாயில். ஆடு செத்த பட்டி அது. யமகமும் திரிபும் அவர்க்கு உயிர். பேச்சிடையே செய்யுள் வரும். செய்யுள் வந்தால் பேச்சு மறைந்துபோகும். கேட்போர்க்கு வேண்டியது ஒன்றாயிருக்க, அவர் நினைவிற்கு வந்தது வேறொன்றாயிருக்கும்.

ஆயினும் அவ்வோவியத்தில் வெறுப்பு இல்லை. பரமார்த்தனைப் படித்துச் சிரிக்கின்றோம். அம்மையப்ப பிள்ளையைப் படித்துச் சிரிப்பதோடு அவரை மீண்டும் காண விழைகின்றோம். பெயர்களே வேறுபாட்டைக் காட்டும். முன்னவனுடைய சீடர் பெயரெல்லாம் குணப்பெயர். பின்னவர்க்கோ ஊரும் குலமும் உண்டு. தீட்டிய கை உள்ளே இருந்த கை.

அவரைப் பார்த்து ஏன் சிரிப்பு வருகின்றது என்று ஆராயின், அறியாமையால் அன்று என்பது புலனாகும். அவர் அறிந்தது மிகுதி. மடத்திலும் சமீன் அவையிலும் ஒரு யமக அந்தாதிக்கு உரைசொல்ல வல்லவர்க்குப் பொன்னும் புகழும் கிடைத்தன. அங்கே அது வாழ்க்கைக்கு உதவிய கல்வி. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றிய பின்னர், கல்வியின் அளவுகோல் தேர்வாயிற்று. குறித்த பாடப்பகுதி, குறித்த நேரம், குறித்த மதிப்பெண். அவ்வறையில் நின்று, பாடப்பகுதியில் இல்லாத 100 செய்யுளை நினைவிலிருந்து பொழியும் ஒருவர் நகைப்புக்கே உரியவராவர். நகை பிறந்தது புலவரிடத்து அன்று. பழைய புலமையும் புதிய வகுப்பறையும் முட்டிக்கொண்ட இடத்திலேயாம்.

இதற்குக் கதைக்கு வெளியே ஒரு சான்று உண்டு. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணாக்கராகிய உ. வே. சாமிநாத ஐயர், தியாகராச செட்டியார் ஓய்வுபெற்றபோது 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார்; சம்பளம் 50 ரூபாய். அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள், அவ்வூர்க்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றார். என்னென்ன நூல் படித்திருக்கின்றீர் என்று முதலியார் வினவ, ஐயர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, உலா, கலம்பகம் என்று தாம் கற்றவற்றை வரிசையாக அடுக்கினார். முதலியார் முகத்தில் மலர்ச்சி இல்லை. இவற்றால் என்ன பயன் என்னும் கருத்துப்பட அவர் பேசி, சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். இந்நிகழ்ச்சியைத் தம் வரலாற்றில் ஐயரே எழுதிவைத்துள்ளார். இவ்விடத்தே நிறுத்தின், இது அம்மையப்ப பிள்ளை கதையேதான்: ஆங்கிலங் கற்ற அலுவலர், அந்தாதிப் பட்டியலோடு நிற்கும் பண்டிதர்.

ஆனால் அது அவ்விடத்தே நிற்கவில்லை. 1887இல் சீவகசிந்தாமணி நச்சினார்க்கினியர் உரையோடு வெளிவந்தது. 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு. ஏடுகளில் எழுத்துச் சிதைந்தும் அடி குறைந்தும் கிடந்த நூல்களை ஐயர் எந்தக் கருவிகொண்டு செப்பஞ்செய்தார்? பல்கலைக்கழகத் தேர்வு தந்த கருவி அன்று. ஒரு தொடரைக் கண்டவுடன், அத்தொடர் வரும் வேறு நூற்பகுதி நினைவில் எழுதலே அவர்க்குப் பெருந்துணை. அவர் பதிப்புகளின் அடிக்குறிப்பில் வரும் ஒப்புமைப் பகுதிகளை நோக்குக. இட்டது எடுத்தது அறியாமல் செய்யுளை நினைவிற்கு அழைக்கும் பழக்கத்தைத்தான் அம்மையப்ப பிள்ளையிடம் கண்டு சிரித்தோம். வகுப்பறையில் நகைக்குரியதாகிய அதே ஆற்றல் ஏட்டின்முன் ஆராய்ச்சிக் கருவியாயிற்று. யமகமும் திரிபும் கற்றவன் ஓரெழுத்து மாறினால் பொருள் எங்ஙனம் மாறும் என்பதை ஆயிரம் முறை பயின்றவன். பாடவேறுபாடு தேர்வதற்கு அது வீணான பயிற்சியன்று.

பண்டிதர் ஒருபுறம், பட்டதாரி ஒருபுறம் என்று அணிபிரித்தலும் பொருந்தாது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளுள் ஒருவராகிய சி. வை. தாமோதரம் பிள்ளை, வீரசோழியத்தையும் (1881) கலித்தொகையையும் (1887) பதிப்பித்தார். அம்மையப்ப பிள்ளை ‘விவேக சிந்தாமணி’யில் உலவத் தொடங்கிய 1893ஆம் ஆண்டிலேயே, ராஜம் ஐயர் பயின்ற அதே கிறித்தவக் கல்லூரியில் பட்டதாரியாகிய வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியார் தமிழாசிரியர் பணியை விரும்பி ஏற்றார். எள்ளப்பட்ட இருக்கையில் எள்ளியவர் தலைமுறையைச் சேர்ந்த ஒருவரே போய் அமர்ந்தார்.

கேலிச்சித்திரத்தில் உண்மை இல்லை என்பது எம் கருத்தன்று. சமீன் அவைகளில் சொற்சிலம்பம் கவிதையின் உயிரைக் குடித்தது என்பதற்கு உள்ளிருந்து வந்த சான்று பாரதியாரின் ‘சின்னச் சங்கரன் கதை’. எட்டயபுரத்தில் இளமையைக் கழித்தவர் அவர். 1890களில் அவ்வவையில் கண்டவற்றையே கவுண்டனூர் என்னும் கற்பனை ஊரில் வைத்து முடிவுபெறாத அக்கதையில் நகையாடினார். ராஜம் ஐயரிடம் உள்ள பரிவு அங்கே இல்லை; கடுமை மிகுதி. ஆனால் அதே பாரதியார் 1906இல் சாமிநாத ஐயர்க்கு மகாமகோபாத்தியாயப் பட்டம் வந்தபோது வாழ்த்துப் பாடினார். இரண்டும் ஒரே மனத்தின் செயல்கள். ஒன்றைச் சான்றாகக் காட்டி மற்றதை மறைத்தல் ஆராய்ச்சியாளர்க்கு ஏலாது.

இந்நகைகளுக்கெல்லாம் நெடுங்காலம் தப்பியிருந்தது ஒன்று உண்டு: ஆங்கிலக் கல்லூரி. பண்டிதரைப் போல அக்கல்வியைப் பெற்றவரை முழுவுருவமாகத் தீட்டிய ஓவியம் 1890களின் தமிழ்ப் புனைகதையில் எமக்குத் தென்படவில்லை. தீட்டும் கோல் அக்கல்வி பெற்றவர் கையிலேயே இருந்தமை அதற்குக் காரணமாகலாம். கோல் திரும்பியது 1910இல். அவ்வாண்டு வெளிவந்த தம் சுயசரிதைச் செய்யுளில், திருநெல்வேலியில் ஆங்கிலப் பள்ளிக்குத் தம்மை அனுப்பியதைப் பாரதியார் நினைவுகூர்கின்றார். கணக்கைப் பன்னீராண்டு கற்றும் வானத்து ஒரு மீனின் நிலையை அறியாதவர், காவியம் ஆயிரம் ஓதியும் கவிஞன் உள்ளத்தைக் காணாதவர் என்று அக்கல்வி பெற்றாரை அடுக்கி நகுகின்றார். பட்டியலை ஒழுங்காகப் படித்துவிட்டுக் குருவைப் பள்ளத்திலேயே விட்ட ஐந்து சீடரும் அங்கே கால்சட்டை அணிந்து நிற்கின்றனர். அக்கல்விக்காகத் தம் தந்தைக்கு ஆன செலவையும் பாரதியார் கணக்கிட்டுச் சொல்கின்றார்: ஆயிரம்.